ஆம்பிபாடும் அடியேனும்

ஆழ்கடல் அகழிகளில் வாழும் ஆம்பிபாடுகளைப் பற்றித் தமிழ் மேடைகளில் பேசி அசடு வழிந்தவர்கள் பட்டியலை யாராவது எடுத்தால் முதல் பெயர் என்னுடையதாக இருக்கும். இரண்டாவது பெயர் இருக்காது. இந்தத் துறையில் எனக்குப் போட்டியே கிடையாது.

ஆம்பிபாடு என்பது இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்துப் பங்காளி. இரண்டு பக்கமும் அமுக்கிவிட்டது போன்ற சப்பையான, வளைந்த உடம்பு. பெரும்பாலானவை விரல் நகத்தைத் தாண்டாது. கடற்கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பாசிக் குப்பையைப் புரட்டினால் துள்ளி ஓடுகிற பொடிப் பூச்சிகளில் பலவும் இந்த இனம்தான். அதே இனத்தில் சில, கடலின் 6,000 மீட்டருக்குக் கீழே, அகழி என்று சொல்லப்படும் பிளவுகளில் குடியிருக்கின்றன. மரியானா அகழியின் அடிமட்டமான சேலஞ்சர் பள்ளம் ஏறத்தாழ 10,900 மீட்டர் ஆழம். எவரெஸ்ட்டைத் தூக்கி உள்ளே போட்டாலும் தலைக்கு மேல் இரண்டு கிலோமீட்டர் தண்ணீர் நிற்கும். அந்த அடித்தளத்திலும் ஹிரோண்டெல்லியா கிகாஸ் என்ற ஆம்பிபாடு கூட்டம் கூட்டமாக வாழ்கிறது.

2012 பிப்ரவரியில்தான் எனக்கு இந்தப் பித்துப் பிடித்தது. நியூசிலாந்துக்கு வடக்கே உள்ள கெர்மாடெக் அகழியில், 7,000 மீட்டர் ஆழத்தில், அபர்தீன் பல்கலைக்கழகத்து ஆலன் ஜேமீசன் குழுவினர் ராட்சத ஆம்பிபாடுகளைப் பிடித்த செய்தி வந்தது. அலிசெல்லா கிகாண்டியா என்று பெயர். 34 சென்டிமீட்டர் வரை வளரக்கூடியது. நகத்தளவு வம்சத்தில் ஒரு அடிக்கு மேல் நீளமாக ஒன்று! செய்தியைக் கத்தரித்து வைத்துக்கொண்டேன். அதோடு நிறுத்தியிருந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை.

என் வியாதி வேறு. எறும்பைப் பார் சுறுசுறுப்பு, காக்கையைப் பார் ஒற்றுமை என்று படித்து வளர்ந்த தலைமுறை நான். எந்த ஜந்துவைக் காட்டினாலும் அதன் வாலைப் பிடித்து ஒரு நீதியை இழுத்து வெளியே போட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். எறும்பும் காக்கையும் ஏற்கெனவே பலர் கையில் இருந்தன. ஆம்பிபாடு மட்டும் உரிமையாளர் இல்லாமல் கிடந்தது. வளைத்துப் போட்டுக்கொண்டேன்.

முதல் மேடை ஓர் அரசுப் பள்ளி. கடலில் பத்து மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும், அகழியின் அடியில் ஆயிரத்துக்கும் மேல், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஒரு டன்னுக்கு மேல் பாரம் என்று கணக்கெல்லாம் சரியாகத்தான் சொன்னேன். அதன் பிறகு குரலை உயர்த்தினேன். “அத்தனை பாரத்தையும் தாங்குகிறதே, எதனால்? கவசம்! இரும்பு போன்ற ஓடு! பிள்ளைகளே, நீங்களும் மனதுக்கு ஒரு கவசம் போட்டுக்கொள்ளுங்கள்!” கைதட்டல் எழுந்தது. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள். “சார், அதுக்கு உள்ள காத்து இருக்கா?”

இல்லை என்றேன்.

“அப்ப எதுக்கு சார் நசுங்கணும்?”

ஆசிரியர் ஒருவர் இருமினார். எனக்கு வியர்த்தது. அவள் கேட்டதுதான் சரி. காற்றடைத்த பாத்திரம்தான் நசுங்கும். ஆராய்ச்சிக் கப்பல்காரர்கள் தெர்மகோல் கோப்பையைக் கயிற்றில் கட்டி இறக்கினால் அதில் உள்ள காற்று அமுங்கி, கோப்பை கைக்குழந்தை விளையாட்டுச் சாமான் அளவுக்குச் சுருங்கி மேலே வரும். ஆம்பிபாட்டின் உடம்பில் காற்றறை கிடையாது. உள்ளே தண்ணீர், வெளியே தண்ணீர், இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம். அதன் ஓடு மெல்லியது. அங்கே ஆபத்து ஓட்டுக்கு இல்லை, உயிரணுவுக்குள் இருக்கும் புரதங்களுக்குத்தான். பெரும் அழுத்தத்தில் புரதங்கள் உருக்குலைந்து வேலை செய்யாமல் போகும். அதைத் தடுக்க ட்ரைமெத்திலமீன் ஆக்சைடு போன்ற சிறு மூலக்கூறுகளை இவை உடம்பில் சேர்த்து வைத்திருக்கின்றன. கருவாட்டு வாடைக்குக் காரணமான ட்ரைமெத்திலமீனின் தாய்ப்பொருள்தான் அது. மீன் வாடையை வைத்து ஏழாம் வகுப்புக்கு என்ன நீதி சொல்வது? வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்து வசமாகக் கிடைத்தது ஒரு பழைய சோதனை. அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்து யயானோஸ், ஏறத்தாழ 600 வளிமண்டல அழுத்தமுள்ள ஆழத்தில் ஆம்பிபாடுகளைப் பிடித்து, அழுத்தம் குறையாத பொறியிலேயே மேலே கொண்டுவந்தார். அழுத்தத்தைத் தளர்த்தினார். அவை அசைவற்றுப் போயின. மறுபடி ஏற்றினார். நீந்தத் தொடங்கிவிட்டன. 1981 இல் வெளியான ஆய்வு இது. நான் கட்டுரை கொடுக்கத் தாமதமானபோது ஒரு பத்திரிகை ஆசிரியரிடம் இதைச் சொல்லி, “நானும் அந்த ஜாதி சார், அழுத்தம் இருந்தால்தான் இயங்குவேன்” என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் காலை ஆறு மணியிலிருந்து போன் செய்ய ஆரம்பித்தார். “இப்ப எவ்வளவு சார், 300 வந்துச்சா? ஏத்தட்டுமா?” கட்டுரை அப்படியும் தாமதமாகத்தான் போனது. என்னை அசைக்க எத்தனை வளிமண்டலம் வேண்டும் என்பதை அறிவியல் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

இதற்குள் அந்தப் பள்ளிப் பெண்ணிடம் பட்ட அடி ஆறியிருந்தது. அந்த நேரம் பார்த்து 2019 இல் ஜப்பானிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. ஹிரோண்டெல்லியா கிகாஸின் ஓட்டின் மேல் அலுமினியப் பூச்சு இருப்பதை ஹிடேகி கோபயாஷி குழுவினர் கண்டுபிடித்திருந்தார்கள். அலுமினியம்! கவசம் என்று நான் அன்றைக்கே சொல்லவில்லையா? எங்கள் குடியிருப்பில் காலை நடைக்கு வரும் கூட்டத்திடம் வெற்றிமுழக்கம் செய்தேன். ஆய்வை முழுதாகப் படிக்கவில்லை, தலைப்பே போதுமானதாக இருந்தது.

கூட்டத்தில் ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர் ஒருவர் உண்டு. “அலுமினியம்னா தகடா சார்?” என்று கேட்டார். கைப்பேசியில் தேடினேன். தகடு இல்லை, அலுமினியம் ஹைட்ராக்சைடு கூழ் என்று இருந்தது. அவர் முகம் மலர்ந்தது. “அதைத்தானே சார் நான் தினம் ராத்திரி ரெண்டு ஸ்பூன் குடிச்சுட்டுப் படுக்கறேன்!” வயிற்றெரிச்சலுக்கு மருந்துக்கடையில் தரும் ரோஸ் நிறக் கூழின் முக்கியச் சரக்கு அதுதானாம். அன்றிலிருந்து அந்தக் கூட்டத்தில் எனக்குப் பெயர் “கவசம் சார்”. அவர் புட்டி வாங்கப் போகும்போதெல்லாம் “உங்களுக்கும் ஒரு கவசம் வாங்கிட்டு வரட்டுமா?” என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்.

முழுதாகப் படித்தபோது விஷயம் என் கற்பனையைவிட அழகாக இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். அந்தப் பூச்சுக்கும் அழுத்தத்துக்கும் சம்பந்தமில்லை. கடலில் 4,000, 5,000 மீட்டருக்குக் கீழே சுண்ணாம்பு நிலைக்காது, கரைந்துபோகும். ஓட்டில் சுண்ணாம்புச் சத்துள்ள பிராணிகளுக்கு அது வாழத் தகாத இடம். இந்தப் பூச்சி என்ன செய்கிறது? அடிக்கடல் சேற்றை விழுங்குகிறது. மேலேயிருந்து விழுந்த தாவரக் கழிவிலிருந்து வயிற்றிலேயே அமிலம் தயாரித்து, சேற்றிலுள்ள அலுமினியத்தைப் பிரிக்கிறது. அது வெளியே வந்து, காரத்தன்மையுள்ள கடல்நீரில் பட்டதும் கூழாகி ஓட்டின் மேல் படிகிறது. கரைவதிலிருந்து ஓட்டைக் காப்பது அந்தக் கூழ்தான்.

அந்த வயிறு சாமானியப்பட்ட வயிறு இல்லை. அதே கோபயாஷி குழு 2012 இல் சொன்னது: மரத்தின் செல்லுலோஸைச் சிதைத்துச் சர்க்கரையாக்கும் நொதிகள் இதனிடம் இருக்கின்றன. புயலிலும் வெள்ளத்திலும் அடித்துக்கொண்டு போகிற மரக்கட்டை, இலை, சருகு எல்லாம் கடைசியில் மூழ்கி அங்கே போய்ச் சேர்ந்தால் அதுவும் சாப்பாடு. காகிதமும் செல்லுலோஸ்தானே? எந்தப் பதிப்பகத்தாலும் ஜீரணிக்க முடியாமல் திரும்பி வந்த என் நாவலுக்கு ஒரு வாசகர் வட்டம் சேலஞ்சர் பள்ளத்தில் இருக்கிறது என்று மனைவியிடம் சொன்னேன். “அனுப்புங்க, அலமாரியாவது காலியாகும்” என்றாள்.

மகளிர் தினக் கூட்டம் ஒன்றில் பட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நினைத்தாலே கூசுகிறது. பெண் ஆம்பிபாடு முட்டைகளைத் தன் வயிற்றடிப் பையில் சுமக்கும். குஞ்சுகள் சின்ன ஆம்பிபாடுகளாகவே வெளியே வரும், நடுவில் புழுப் பருவம் எதுவும் கிடையாது. அகழிகளில் இரை வைத்துப் பிடித்தால் ஆயிரக்கணக்கில் வந்து மாட்டும். அந்தக் கூட்டத்தில் முட்டை சுமக்கும் தாயைப் பார்ப்பது மிக அரிது. நான் இதை எடுத்துக்கொண்டு, குழந்தைகளுக்காக விருந்தையே துறக்கும் தாய் என்று அரை மணி நேரம் உருகினேன். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டதாகக்கூட ஞாபகம். ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கங்கள் வேறு: வயிறு புடைக்கத் தின்றால் முட்டைக்கு இடம் இருக்காது, இரையைச் சுற்றிய கும்பலில் வேட்டையாடிகளும் வரும், அதனால் ஒதுங்கியிருக்கலாம். ஆட்டோவில் திரும்பும்போது மனைவி மெதுவாகக் கேட்டாள்: “வயித்துல இடமில்லேன்னு சாப்பிடலை. இதுல தியாகம் எங்கேங்க வந்துது?”

நேரில் காட்டினால்தான் கவுரவம் மீளும் என்று முடிவு செய்தது அதற்குப் பிறகு.

அகழி ஆய்வாளர்கள் செய்வது எளிமையான வேலைதான், செலவுதான் பெரிது. ஓர் உலோகச் சட்டம். அதில் கேமரா, விளக்கு, பொறிகள், நடுவே ஒரு மீன். எடை கட்டிக் கப்பலிலிருந்து போட்டுவிடுவார்கள். சில மணி நேரம் இறங்கி, அடியில் போய் உட்காரும். வேலை முடிந்ததும் மேலேயிருந்து ஒலிச் சமிக்ஞை கொடுத்தால் எடையைக் கழற்றிவிட்டு மிதந்து வரும். பொறி என்பது ஒரு குழாய், வாயில் உள்நோக்கிய புனல். உள்ளே போக வழி தெரியும், வெளியே வரத் தெரியாது. இரைக்கு அவர்கள் வழக்கமாக வைப்பது நம்மூர் கானாங்கெளுத்தியின் இனத்து மீன்தான்.

அந்தப் படங்களை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. வெளிறிய சேறு, விளக்கு வட்டம், நடுவில் மீன், ஆள் அரவம் கிடையாது. சில நிமிடத்தில் நீரோட்டம் போகும் திசையிலிருந்து ஒன்று எதிர்நீச்சல் போட்டு வருகிறது. அங்கே கண்ணுக்கு வேலை இல்லை. ஓட்டத்தில் கரைந்து வரும் வாடையை உணர்கொம்பால் பிடித்து, அது வரும் வழியே ஏறி வருகிறது. பிறகு இரண்டு, பத்து, நூறு. கொஞ்ச நேரத்தில் மீன் கண்ணில் தெரியாது, மீன் வடிவத்தில் ஒரு நெளிவுதான் தெரியும். விலகும்போது முள் மட்டும் கிடக்கும். சில இனங்களின் குடல் விரிந்து உடம்பே பலூன்போல் உப்பிவிடும். அடுத்த சாப்பாடு என்றைக்கு விழுமோ தெரியாத ஊரில், அந்த ஒரு வேளையை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்ட வேண்டும். இதைப் பேராசை என்று ஒரு மேடையில் திட்டியிருக்கிறேன். திட்டிவிட்டுக் கீழே இறங்கி, அமைப்பாளர் வீட்டில் நான்காவது தோசையைச் சாப்பிட்டேன்.

நான் செய்ததைச் சொல்கிறேன். தண்ணீர்ப் பாட்டிலின் கழுத்தை அறுத்துத் தலைகீழாகச் செருகினால் அசல் புனல் பொறி. உள்ளே அரைக் கானாங்கெளுத்தி. விடியற்காலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சிலரைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய், பாசி ஒதுங்கிய இடமாகப் பார்த்துப் புதைத்து வைத்தேன். மணலில் துள்ளும் ஆம்பிபாடு ஒன்றாவது வந்து விழும், அகழியின் பங்காளியைக் காட்டிவிடலாம் என்று திட்டம். வலை சரி பண்ணிக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பொறுக்கமாட்டாமல், “நல்ல மீன வாங்கி பூச்சிக்கு வெக்கிறியே சார், வூட்ல சொல்லிட்டு வந்தியா?” என்றார்.

10,000 மீட்டர் ஆழத்தில் சில நிமிடத்தில் வருகிற கூட்டம், வெறும் அரையடி ஆழத்தில் சூரியன் ஏறும்வரை வரவில்லை. காக்கை வந்தது. அதை விரட்டிக்கொண்டிருந்தபோது நாய் வந்து பாட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடிற்று. பிள்ளைகளுக்கு அன்றைய நிகழ்ச்சி மிகவும் பிடித்திருந்தது. “அங்கிள், நாளைக்கும் வைப்போமா?” என்றார்கள். நாயைத் துரத்திப் பாட்டிலைப் பிடுங்க முடியவில்லை. அது அலையோடு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

அந்தப் பாட்டில் விஷயம்தான் இன்னும் உறுத்துகிறது. ஏனென்றால் அடுத்த வாரம் நான் பேசிய தலைப்பு பிளாஸ்டிக் ஒழிப்பு. பேச என்னிடம் சரக்கு நிறைய இருந்தது. பசிபிக் ஓரத்து ஆறு அகழிகளில் பிடித்த 90 ஆம்பிபாடுகளைத் திறந்து பார்த்த ஜேமீசன் குழு, அவற்றில் 65 இன் குடலில் மனிதன் செய்த இழையோ துணுக்கோ இருந்ததாக 2019 இல் எழுதியது. அடுத்த ஆண்டே மரியானா அகழியில் கண்டெடுத்த ஒரு புது இனத்துக்கு யூரித்தீனஸ் பிளாஸ்டிகஸ் என்று பெயர் வைத்தார்கள். அதன் குடலில் கிடைத்த, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இழை, தண்ணீர்ப் பாட்டில் செய்கிற பெட் பிளாஸ்டிக்கைப் பெரிதும் ஒத்திருந்தது. உலகத்துக்கு அறிமுகமாகும் முன்பே நம் குப்பையைத் தின்றுவிட்ட பிராணி. அதற்கு முன்பு, 2017 இல் வந்த செய்தி இன்னும் மோசம். பல நாடுகள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே தடை செய்த பிசிபி என்ற மின்சாதன ரசாயனம், மரியானா ஆம்பிபாடுகளின் உடம்பில், சீனாவின் மாசுபட்ட லியாவோ ஆற்று நீர் பாயும் வயல்களின் நண்டுகளில் இருப்பதைப்போல 50 மடங்கு இருந்தது. அகழி ஒரு புனல். மேலே உதிர்வதெல்லாம் சரிந்து அதன் அடியில்தான் சேரும். அங்கே விழுந்ததைத் தின்பதே இவற்றின் பிழைப்பு.

இதையெல்லாம் ஃபிளெக்ஸ் பேனருக்குக் கீழே நின்று, பிளாஸ்டிக் உறையோடு போர்த்திய பொன்னாடையில், தொண்டை வறளும்போதெல்லாம் பெட் பாட்டிலை எடுத்துக் குடித்துக்கொண்டே பேசினேன். புகைப்படத்தில் பாட்டில் என் முகத்தைவிடத் தெளிவாக விழுந்திருக்கிறது.

இவ்வளவு பேசுகிறாயே, போவாயா என்று கேட்பவர்கள் உண்டு. 1960 ஜனவரி 23 அன்று ஜாக் பிக்கார்டும் டான் வால்ஷும் திரியெஸ்டே கலத்தின் உருண்டைக்குள் முட்டிமோதி உட்கார்ந்து சேலஞ்சர் பள்ளத்துக்குப் போய்வந்தார்கள். பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் மத்ஸ்யா 6000 என்று மூன்று பேர் போகும் கலத்தை உருவாக்கிவருகிறது. 2.1 மீட்டர் விட்டமுள்ள டைட்டானியம் உருண்டை, 6,000 மீட்டர் வரை இறங்கும். அதாவது அகழிகள் ஆரம்பிக்கிற வாசல்வரை. எங்கள் வீட்டிலிருந்து அந்த இடத்துக்குப் பேருந்தில் போய்விடலாம். எனக்கோ மூன்று பேர் நின்றால் லிஃப்டில் மூச்சு முட்டும், படியில் ஏறிவிடுவேன்.

2024 இறுதியில் இன்னொன்று வந்து சேர்ந்தது. சிலியை ஒட்டிய அட்டகாமா அகழியில், 7,902 மீட்டரில், டல்சிபெல்லா கமன்சாகா என்ற புது ஆம்பிபாடு. ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டர், வெள்ளை நிறம். பிளாஸ்டிகஸுக்குப் பெயர் வைத்த குழுவை முன்னின்று நடத்திய ஜோஹன்னா வெஸ்டன்தான் இந்த ஆய்விலும் முதன்மை ஆசிரியர். இது விழுந்ததைப் பொறுக்கித் தின்னும் ரகம் இல்லை. முன்கால்களால் மற்ற ஆம்பிபாடுகளை வேகமாகப் பிடித்துத் தின்கிற வேட்டைக்காரி. பங்காளியையே தின்னும் பங்காளி! தலைப்பு என் நாக்கு நுனியில் வந்து நிற்கிறது, பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

என்னைப் பேச அழைக்கும் நூலகர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அழைப்பிதழில் ‘ஆழ்கடல் தரும் வாழ்க்கைப் பாடங்கள்’ என்று போடாதீர்கள், ‘ஆழ்கடல் ஆம்பிபாடுகள்’ என்று மட்டும் அச்சிடுங்கள். கேள்வி நேரத்தை முதலில் வைத்துவிடுங்கள். அந்த ஏழாம் வகுப்புப் பெண் இப்போது கல்லூரியில் இருப்பாள். அவள் கிடைத்தால் என்னை விட்டுவிட்டு அவளையே பேச அழைக்கலாம்.